கேட்டதைக் குடுங்க

மார்ச் 4, திங்கள்

டயாலிசிஸ் ரூம் நர்ஸ் பிள்ளை சொல்லித்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். காலையில் வீட்டுக்காரர் எடை எவ்வளவு, எவ்வளவு தண்ணீர் குடித்தார், காலில் வீக்கம் உண்டா, இவ்வளவுதான் அவள் குறித்து வைக்கச் சொன்னது. எனக்குப் பேனா கையில் கிடைத்தால் நிற்காது. பள்ளிக்கூடத்திலேயே, கட்டுரை எழுதச் சொன்னால் கதை அளக்கிறாயா என்று டீச்சர் காதைத் திருகுவாள். மகள் வடிவு பெங்களூரிலிருந்து கொண்டுவந்த டைரி சும்மாதானே கிடக்கிறது.

இன்று எடை கூடியிருக்கிறது. கேட்டால், "மிஷின் சரியில்லட்டி" என்கிறார். எடை மிஷின் போன வாரம் வாங்கியது.

புருஷன் பெயரை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதினால் என்ன? குற்றாலிங்கம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்க்கரை வந்து, அது கிட்னியைப் பிடித்து, போன தீபாவளியிலிருந்து திங்களும் வியாழனும் மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டிவருகிறேன். உப்பு கூடாது. ஊறுகாய், அப்பளம், வத்தல் எதுவும் கூடாது. காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரும் அளவுதான்.

இந்த மனுஷனுக்கா இப்படி ஒரு நோய் வர வேண்டும்? பாளையங்கோட்டையில் எந்த ஓட்டலில் எது எப்போது சூடாக இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். உப்பு ஜாடியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே ஒரு திருடனை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய?

மார்ச் 6, புதன்

பின்கட்டில் சுண்டைச்செடி குலை குலையாகக் காய்த்துக் கிடக்கிறது. சீனியவரைக்காயும் முற்றப் பார்க்கிறது. மதில்மேல் மிதுக்கங்கொடி ஏறி அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறது. நான் நட்டு, நான் தண்ணீர் விட்டு, நான் பறித்து வத்தல் போட்டு வைத்தால்தான் ஐப்பசி மழைக்கு வீட்டில் ஒரு குழம்பு உண்டு. இந்த வெயிலை விட்டால் பிறகு கிடைக்காது.

காலையிலேயே சுண்டைக்காயைத் தட்டி, புளித்த மோரில் உப்பு போட்டு ஊறவைத்துவிட்டேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காக்கா விரட்டுகிறாராம்.

"உலகு, மோர்ல உப்பு பத்துமா? நக்கிப் பாத்துச் சொல்லட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். நீங்க காக்காவப் பாருங்க."

"காக்காவுக்குக்கூட ஒண்ணு ரெண்டு குடுக்க. எனக்குத்தான் இல்ல."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த வருஷம் வத்தலே போட வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை. ஏன் போடக் கூடாது? ஐப்பசியில் இவருக்குச் சரியாகியிருக்கும்.

இன்னொரு யோசனையும் வந்தது. கொஞ்சம் காயை எடுத்து இவருக்கென்று உப்பில்லாமல் தனியாக மோரில் போட்டுவிட்டேன். கறுக்கப் பொரித்துக் கொடுத்தால் உப்பு இல்லாதது தெரியவா போகிறது? இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை!

மார்ச் 10, ஞாயிறு

விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, செருப்பைத் தேடுகிறார்.

"எங்க கிளம்பியாச்சு?"

"சும்மா காத்தாட நடந்துட்டு வாறேன்."

"சட்டைக்கு சென்ட் அடிச்சுக்கிட்டு எவன் காத்தாட நடப்பான்? நில்லுங்க, நானும் வாறேன்."

எங்கே போவார், மங்களவிலாஸுக்குத்தான். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனார். வீட்டுப் பொம்பளை ஓட்டலில் உட்கார்ந்து தின்பதா என்று மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இவர் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து போன தீபாவளி வரைக்கும் ஞாயிறு காலை எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைத்ததில்லை. வடிவு பிறந்த மாதம் மட்டும் பார்சல் வந்தது.

உப்பில்லாத இட்லி இரண்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஓட்டலில் கோமதிநாயகம் எங்களைப் பார்த்ததும் துண்டால் மேஜையைத் துடைத்தார். அவர் அங்கே எங்கள் கல்யாணக் காலத்திலிருந்து பரிமாறுகிறவர்.

"வாங்கண்ணாச்சி. வாங்கக்கா. எத்தன நாளாச்சு!"

"அக்காவுக்கு ஒரு நெய் ரோஸ்ட். ஒரு ரசவடை. எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார் இவர்.

"எனக்கும் வேண்டாம்" என்றேன்.

"நீ தின்னுட்டி. நான் பாக்கேன்."

ரோஸ்ட் வந்தது. அந்த நெய் வாசம் இருக்கிறதே, வயிறு நிறைந்தவனையும் உட்காரவைத்துவிடும். இவர் டப்பாவைத் திறந்து வெறும் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

"ஓரம் முறுகலா இருக்கா?"

"இருக்கு."

"நடுவுல மெத்துன்னு?"

"இருக்கு."

"இருக்கு இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? சொல்லேன்ட்டி. சாம்பார்ல சின்ன உள்ளியா பெரிய உள்ளியா?"

"சின்ன உள்ளி. நல்லாக் குழைஞ்சு கெடக்கு. பருப்பு கொஞ்சம் தூக்கல். தேங்காச் சட்டினியில இஞ்சி சேத்திருக்கான். காரம் பின்னால வருது."

கண்ணை மூடிக்கொண்டு இட்லியை மென்றார். "ஆங்" என்றார். நான் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். ரசவடையையும் தின்றேன். தின்று தின்று சொன்னேன்.

மார்ச் 14, வியாழன்

மிஷினில் படுத்திருக்கும்போதே இவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. பாதியில் கழற்றிவிட்டார்கள். சாயங்காலம் காபி கேட்டார். சரியாகத்தான் இருக்கிறார்.

மார்ச் 18, திங்கள்

உப்பில்லாமல் வத்தல் போட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூடியைத் திறந்தால் நாற்றம். மோர் நூல் விட்டிருக்கிறது. முதலில் காயப்போட்டு எடுத்து வைத்ததும் பச்சைப் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அத்தனையையும் உரக்குழியில் கொட்டினேன்.

"உப்பு இல்லாட்டி எப்படிட்டி நிக்கும்?" என்றார் பின்னாலிருந்து. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"தெரிஞ்சவரு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா!" என்று கத்தினேன்.

"நீ ஆசையாச் செஞ்ச. எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தேன்."

போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். உப்பு போட்ட வத்தலெல்லாம் சருகு மாதிரி கலகலவென்று காய்ந்து ஜாடியில் இருக்கிறது. உப்பில்லாதது என்ன பாவம் செய்தது?

மார்ச் 27, புதன்

பிடித்துவிட்டேன் திருடனை.

எடை கூடிக்கொண்டே போகிறது, கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, எதனால் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இன்று சுண்டைச்செடியின் கீழே களை பறிக்கும்போது பார்க்கிறேன், சப்பித் துப்பின வத்தல்கள். ஒன்றில்லை இரண்டில்லை. பொரிக்காத சுண்டவத்தலை ஜாடியிலிருந்து எடுத்து, மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கி, உப்பை உறிஞ்சிவிட்டுச் செடிக்குக் கீழே துப்பியிருக்கிறார். சட்டைப்பைக்குள்ளும் நாலு கிடந்தது.

"இது என்ன?" என்றேன்.

"வத்தல்" என்றார்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? நான் ஒருத்தி காலையிலேர்ந்து ராத்திரி வர சொட்டு சொட்டா அளந்து குடுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"நாக்கு செத்துப்போச்சுட்டி உலகு. எத வாயில வச்சாலும் மண்ணு மாதிரி இருக்கு. உசிரோட இருக்கோம்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது?"

"அப்பத் தின்னுட்டுச் சாவுங்க!"

அந்த வார்த்தையை ஏன் சொன்னேன்? வாயில் தீயை வைக்க. அவர் பையில் கிடந்த நாலையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வத்தல் ஜாடிகளும் பீரோவுக்குள் போய்விட்டன. இப்போது துணிமணியெல்லாம் கட்டிலில் கிடக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். நேற்று மூச்சுத்திணறல். நெஞ்சுக்குள் நீர் கட்டியிருந்ததாம். எடுத்துவிட்டார்கள். இப்போது தூங்குகிறார். டாக்டர் ஜெயசீலி, "உப்பு விஷயத்துல கண்டிப்பா இருங்கம்மா" என்றார். இன்னும் எப்படி இருக்க?

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வடிவு வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து அதிகாரம். அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்கிறாள்.

"அங்கயும் உப்பு கிடையாதுல்லா? பெறகு எதுக்கு அம்புட்டு தூரம்?" என்றார் இவர்.

மாங்காய்ப் பச்சடி வைத்தேன். இவருக்கு உப்பும் இல்லை, வெல்லமும் இல்லை. வெறும் வேப்பம்பூ மட்டும் வறுத்துப் போட்டேன். "வருசம் முழுக்கக் கசப்பு மட்டும்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். வடிவு எழுந்து போய்விட்டாள். இந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் அழுகைதான், அவள் அப்பாவைப் பெற்ற பாட்டியை மாதிரி.

இன்று மங்களவிலாஸ் போகவில்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது. வெயில் காலம் முடிந்தால் குறையும்.

ஏப்ரல் 25, வியாழன்

மிஷினுக்கு ஊசி போடுவதற்கென்று அவர் இடக்கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் பூனை உறுமுகிற மாதிரி கிர்ரென்று இருக்கும். தினமும் காதை வைத்துக் கேட்பேன். இன்று வைத்தேன். சத்தமே இல்லை.

அடைத்துக்கொண்டதாம். கழுத்தில் குழாய் போட்டுவிட்டார்கள்.

மே 2, வியாழன்

பிரஷர் இறங்கிவிட்டது. பாதியில் கழற்றிவிட்டார்கள்.

மே 6, திங்கள்

அதேதான். சீனியவரைக்காய் வத்தல் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு ஜாடி.

மே 13, திங்கள்

இன்று மிஷினில் போட்டதும் நினைவு தப்பிவிட்டது. உடனே எடுத்துவிட்டார்கள். அவரைப் படுக்கவைத்துவிட்டு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அவுங்க நெஞ்சுக்குப் பலம் இல்ல. இனி மிஷின்ல போட்டா தாங்க மாட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மூச்சு கஷ்டத்துக்கு மருந்து தாறேன். அவுங்க என்ன கேக்காங்களோ, அதக் குடுங்க."

"உப்பு?" என்றேன்.

"குடுங்கம்மா."

"வத்தல், ஊறுகாய்?"

"கேட்டதக் குடுங்க" என்றார். அந்த அம்மா கண் கலங்கியிருந்தது. பாவம், அவருக்கும் எத்தனை வேலை.

பத்தியம் முடிந்துவிட்டது! வாரம் இரண்டு நாள் ஊசி குத்துகிற தொல்லையும் இல்லை. ஆட்டோவில் வரும்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்: "பத்தியத்தத் தளத்திட்டாங்க. இனி நீங்க இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்." அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெயிலில் கண் கூசியிருக்கும்.

வடிவுக்குப் போன் பண்ணினேன். நல்ல விஷயம்தானே சொல்கிறேன், அந்தப் பக்கம் பேச்சையே காணோம். லைன் கிடைக்கவில்லை போல.

மே 14, செவ்வாய்

பீரோவைத் திறந்தேன். உப்பு ஜாடி வெளியே வந்தது. வத்தல் ஜாடிகள் வெளியே வந்தன.

சுண்டவத்தல் குழம்பு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. சீனியவரை வத்தல், கத்தரி வத்தல், மிதுக்க வத்தல், மோர்மிளகாய், எல்லாம் பொரித்தேன். வீடு முழுக்கக் கமறல். இலை போட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பரிமாறினேன். எத்தனை மாதமாயிற்று இந்த மனுஷன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து! மோர்மிளகாயை ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. குழம்புச் சோற்றைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"அமிர்தம்" என்றார்.

இன்னும் இரண்டு மோர்மிளகாய் வைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "போதும், ஆகாதுன்னு சொல்ல மாட்டியா?"

"டாக்டரம்மாவே சொல்லியாச்சுல்லா. சாப்பிடுங்க" என்றேன்.

அந்த இரண்டையும் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கும்.

மே 19, ஞாயிறு

ஆட்டோ வைத்து மங்களவிலாஸுக்குக் கூட்டிப்போனேன். அவர் போக வேண்டும் என்று சொல்லவில்லை, நான்தான் கிளப்பினேன். வேட்டியை நான் கட்டிவிட்டேன், திருநீற்றை நான் பூசிவிட்டேன். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடுதான் வந்தார்.

கோமதிநாயகம் கைத்தாங்கலாக உட்காரவைத்தார்.

"அண்ணாச்சிக்கு என்ன கொண்டு வரட்டும்?"

"எல்லாம் கொண்டாங்க" என்றேன் நான். "நெய் ரோஸ்ட், ரசவடை, பூரி, கிழங்கு. சாம்பார் தனியா ஒரு கிண்ணத்துல. காபி ஸ்ட்ராங்கா."

கோமதிநாயகம் என் முகத்தைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். எப்போதும் அடுக்களைக்குச் சத்தம் போட்டு ஆர்டர் சொல்கிற ஆள், இன்று சத்தமே போடவில்லை.

மேஜை நிறைய வந்தது. இவர் ரோஸ்டின் ஓரத்தை ஒடித்துச் சாம்பாரில் முக்கி வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். இரண்டாவது துண்டை ஒடித்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

"எண்ணெ சாஸ்தின்னு சொல்லு உலகு."

"எதுக்குச் சொல்லணும்? நல்லாத்தான இருக்கு. சாப்பிடுங்க."

"கிழங்கு ஆகாதுன்னு சொல்லு."

"ஆகும்."

துண்டை இலையில் வைத்துவிட்டார். "டாக்டரம்மா என்ன சொன்னாவ? அவிய சொன்னத அப்படியே சொல்லு."

"கேட்டதக் குடுங்கன்னாங்க."

தலையை ஆட்டினார். "எங்க அய்யாவுக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாவ. அம்ம வாசல்ல நின்னு அழுதா. நான்தான் சைக்கிள எடுத்துக்கிட்டு இங்கன வந்து பூரி வாங்கிட்டுப் போனேன். அய்யா அந்தப் பொட்டலத்தப் பாத்ததும் எம் மூஞ்சியப் பாத்தாவ. எல்லாம் தெரிஞ்சுபோச்சு அவுகளுக்கு. நீ செவ்வாக்கிழம மோர்மிளகாய அள்ளி வச்சியே, எனக்கும் அப்பவே தெரிஞ்சுபோச்சுட்டி."

மங்களவிலாஸில் அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்தே மூடி வைத்துக்கொண்டிருந்தேன். இவரோ அன்றைக்கே இலையில் பார்த்துப் படித்துவிட்டார். பத்தியத்தை விட்டுவிட்டார்கள் என்றால் ஆளையும் விட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"அழாத" என்றார். "எனக்கு ஒண்ணு செய்யி. நாளையிலேர்ந்து பழையபடி உப்பப் பூட்டு. நான் கேப்பேன். நீ தர மாட்டேன்னு சொல்லணும். திட்டணும். நீ வேண்டாம்னு சொல்லும்போதுதான்ட்டி நான் இன்னும் இருக்கப்போறேன்னு எனக்குத் தோணும்."

நெய் ரோஸ்ட் ஆறி விறைத்துப்போய்க் கிடந்தது. கோமதிநாயகம் வந்து, "பொட்டலம் கட்டட்டாக்கா?" என்றார். இவர் முந்திக்கொண்டார். "அக்கா விட மாட்டா கோமதி. எனக்கு ஆகாது."

மே 20, திங்கள்

நான் குளித்துவிட்டு வருகிறேன், இவர் சட்டை மாட்டி, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்து, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க?"

"இன்னைக்குத் திங்கக்கிழமல்லா."

பையை வாங்கி மூலையில் வைத்தேன். "இன்னைக்கு இல்லங்க" என்றேன். "ஓ" என்றார். சட்டைப் பொத்தானை அவராகவே கழற்றினார். விரல் வீங்கியிருந்ததால் ரொம்ப நேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை, என்னால் முடியவில்லை.

பீரோவைப் பூட்டினேன்.

மே 22, புதன்

"உலகு, ஒரே ஒரு மோர்மிளகா."

"தர மாட்டேன்."

"ஒரு கடி."

"கொன்னுபோடுவேன். கால் வீங்கிக் கெடக்கது தெரியல? வயசாச்சே தவிர நாக்கு அடங்குதா பாரு. சவம், இந்த நாக்காலதான் இம்புட்டும்."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வந்து இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மே 24, வெள்ளி

வடிவு வந்துவிட்டாள். அவளிடம், "ஒங்கம்மா எனக்கு ஒண்ணும் தர மாட்டங்கா, நீ கேளு" என்று புகார் சொல்கிறார். அவளுக்கு விளங்கவில்லை. டாக்டரம்மாவிடம் பேசியிருக்கிறாள் போல. "ஏம்மா இப்பயும் இப்படிப் படுத்துற? கேக்குறத குடேன்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றேன்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணை அடுக்கி உட்காரவைத்தே வைத்திருக்கிறோம். மருந்து கொடுத்தால் கொஞ்ச நேரம் கண் அசருகிறார்.

மே 27, திங்கள்

அவருடைய அக்கா, சிவகாமி மதினி, வந்துவிட்டார். கையில் ஒரு சொம்பு இளநீர். "தம்பிக்கு ரெண்டு மடக்கு குடு உலகு, நாக்கு வறண்டு கெடக்கு" என்றார். அவருக்கு இளநீர் ஆகவே ஆகாது என்றேன். இனிமேல் என்ன ஆகாது என்றார் மதினி. சொம்பைப் பிடுங்கிச் சுண்டைச்செடியில் ஊற்றினேன். வீட்டில் எல்லோரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். கட்டிலிலிருந்து ஒரு சத்தம். இருமல் என்று ஓடினோம். சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"குடுக்க மாட்டா அக்கா அவ. ராட்சசி" என்றார்.

மே 29, புதன்

இன்று ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே, "உப்பு தர மாட்டேன், சொல்லிட்டேன்" என்று போய்ச் சொன்னேன். கண்ணைத் திறக்கவில்லை. நாலைந்து தடவை சொன்னேன்.

ஜூன் 2, ஞாயிறு

வியாழக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

காலையிலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மதினி பாலைக் காய்ச்சி ஆற்றி, தம்ளரில் ஊற்றி, ஒரு ஸ்பூனோடு கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் போகிற உயிருக்குச் சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கு ஒரு ஸ்பூன் பால் ஊற்றுவது வழக்கம். பெண்டாட்டி பிள்ளை கையால் பால் வாங்கிவிட்டால் உயிர் அடங்கிப் போய்விடும் என்பார்கள். முதலில் மதினி ஊற்றினார். வடிவு ஊற்றினாள், பாதி கழுத்தில் வழிந்தது. பிறகு ஸ்பூனை என் கையில் கொடுத்தார்கள்.

"ஊத்து உலகு. உனக்காகத்தான் காத்துக் கெடக்கான்."

குனிந்தேன். அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவர் காதோரம் போய், "தர மாட்டேன்" என்றேன்.

"என்னட்டி இது, போற உசிரப் போய்..." என்றார் மதினி.

"அவருக்குப் பால் ஆகாது. இன்னைக்குத் தண்ணி அளவு முடிஞ்சுபோச்சு. ஒரு சொட்டு தர மாட்டேன்."

வடிவு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள். ஸ்பூனைத் தம்ளரில் போட்டேன். முந்தானையால் அவர் கழுத்தில் வழிந்த பாலைத் துடைத்தேன். அவர் உதடு அசைந்தது. சிரித்தார் என்று நான் சொல்கிறேன், மூச்சுதான் என்கிறார் மதினி.

கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திட்ட ஆரம்பித்தேன். செடிக்குக் கீழே வத்தலைச் சப்பித் துப்பினதைச் சொல்லித் திட்டினேன். எடை மிஷின் மேல் பழி போட்டதைத் திட்டினேன். எனக்கு ரோஸ்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து உப்பில்லாத இட்லியை மென்றதைத் திட்டினேன். மோர்மிளகாய் கேட்பீர்களா, கேட்பீர்களா, கேளுங்கள் பார்ப்போம், தர மாட்டேன், தரவே மாட்டேன் என்று திட்டினேன். தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் விடவில்லை.

மூச்சு நின்ற பிறகும் நான் ரொம்ப நேரம் திட்டிக்கொண்டிருந்தேனாம். யாரும் என்னை நிறுத்தவில்லையாம். வடிவு நேற்றுத்தான் சொன்னாள்.